செல்போனும் பிள்ளைகளும்: இந்த வாரக் கேள்விகள்

வந்த கடிதங்களில் பாதியில் பிள்ளையின் வயதே இல்லை. வயது தெரியாமல் நான் என்ன சொல்ல?

ஒன்றரை வயதுப் பேரன் யூடியூப் ஓடினால்தான் வாய் திறக்கிறான். (குடியாத்தம்)

அணைத்துவிடுங்கள். இரண்டு நாள் அழுவான், அப்புறம் பசி பார்த்துக்கொள்ளும். இந்த வயதில் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

12 வயது மகள் இன்ஸ்டாகிராம் கேட்கிறாள். (ராணிப்பேட்டை)

13 ஆகட்டும். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுத் தரும் அப்பாக்களே, 18 தாண்டியவள் என்று பதிந்தால் சிறார் கணக்குக்கு உள்ள பாதுகாப்பு எதுவும் அவளுக்குக் கிடைக்காது.

ஆறாவது படிக்கும் மகன், ஹோம்வொர்க் பார்க்கிறேன் என்று போனை வாங்கி கேம் ஆடுகிறான். (காட்பாடி)

அவனை மட்டும் திட்டாதீர்கள். 2020-ல் கொரோனாவுக்காக வேறு வழியில்லாமல் ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பைப் பல பள்ளிகள் இன்னும் விடவில்லை, டைரி என்ற ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. என் வீட்டிலேயே இரவு ஒன்பதே காலுக்கு 'நாளை சார்ட் கொண்டு வரவும்' என்று வரும், அதன் கீழே நாற்பது 'ஓகே மிஸ்', நடுவில் யாரோ ஒருவர் அனுப்பிய பிள்ளையார் படம். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? நேரில் போய்க் கேட்டேன். 'பேரண்ட்ஸ்தான் சார் இப்படிக் கேக்கறாங்க' என்றார்கள். நான் எந்தப் பேரண்ட்டாம்! சரி, நீங்கள் செய்ய வேண்டியது: குரூப்பை நீங்களே படித்து, ஹோம்வொர்க்கை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். போன் கைமாறவே கூடாது. அப்புறம் இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போய் டைரி கேளுங்கள், தனியாகப் போனால் என் கதைதான்.

பத்தாவது படிக்கும் பையன் போர்வைக்குள் போன் பார்க்கிறான். (ஆற்காடு)

எத்தனை முறை எழுதுவது? சார்ஜர் ஹாலில் இருக்கட்டும், உங்கள் போனும் அங்கேயே தூங்கட்டும். அலாரத்துக்கு வேண்டும் என்பான், வேலூர் லாங் பஜாரில் இருநூறு ரூபாய்க்குள் கடிகாரமே வாங்கலாம்.

பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் போட்டால் போதுமா? (ஊர் எழுதவில்லை)

அவன் போனைப் பூட்டும். பாட்டி போனை?

மகளின் படத்தை வைத்து ஒருவன் பணம் கேட்கிறான். (வேலூர்)

பணம் அனுப்பாதீர்கள், அவளைத் திட்டாதீர்கள், எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 1930 (சைபர் குற்றப் புகார்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டுக்கும் இப்போதே போன் செய்யுங்கள். கடிதம் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிற விஷயமா இது?