தண்ணீர் ஏன் தார்ப்பாய் மாதிரி இருக்கிறது? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்ததெல்லாம் கணினி கேமில் தண்ணீர் வரைவது பற்றிய கேள்விகள். மார்த்தாண்டத்தில் நாலு நாளாக மழை விடாமல் பெய்கிறது, பொருத்தம்தான்.

அண்ணா, கேமுக்கு ஒரு ஆறு செய்தேன். அலை நன்றாக அசைகிறது, ஆனால் நீலத் தார்ப்பாய் விரித்த மாதிரி இருக்கிறது. (கல்லூரி மாணவர், களியக்காவிளை)

அலையைத் தொடாதீர்கள், கோளாறு வெளிச்சத்தில். மழை விட்டு ஆறு தெளிந்ததும் குழித்துறைப் பாலத்தில் போய் நில்லுங்கள். நேர் கீழே குனிந்து பார்த்தால் தண்ணீருக்குள் கிடப்பது தெரியும். கண்ணை மெல்லத் தூக்கி தூரத்துக்குக் கொண்டுபோனால் வானமும் தென்னையும்தான் மிதக்கும், உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது. பார்க்கும் கோணத்தைப் பொறுத்து திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறையும், இதுதான் ஃபிரெனல் விளைவு. நேராகப் பார்க்கும்போது தண்ணீர் திருப்பி அனுப்புவது 2 சதவீத வெளிச்சம்தான், 60 டிகிரி சாய்ந்து பார்த்தாலும் 6 சதவீதம்தான், ஆனால் 80 டிகிரிக்கு வந்தால் 35-ஐ நெருங்கிவிடும். உங்கள் ஷேடரில் (நிறமும் வெளிச்சமும் கணக்கிடும் நிரல்) எல்லாக் கோணத்துக்கும் ஒரே அளவு போட்டிருப்பீர்கள், பந்தயம். இந்தக் கணக்குக்கு ஷ்லிக் என்ற ஆய்வாளர் 1994-ல் கொடுத்த சுருக்கம் ஒரே வரி: 1-இலிருந்து பார்வைக் கோணத்தின் கோசைனைக் கழித்து, ஐந்தாம் அடுக்குக்கு ஏற்றி, 0.98-ஆல் பெருக்கி, 0.02-ஐக் கூட்டுங்கள்.

அப்புறம் அந்த நீலம். தண்ணீருக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. தரை வரை எத்தனை மீட்டர் தண்ணீர் என்று டெப்த் பஃபரில் (திரையின் ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற பதிவு) இருந்து எடுத்து, ஆழத்துக்கு ஏற்ப சிவப்பைச் சீக்கிரமும் பச்சையை மெதுவாகவும் நீலத்தை அதைவிட மெதுவாகவும் மங்க விடுங்கள், நிறம் தானாக வரும். மழைக்காலத்து ஆறென்றால் சங்கதி வேறு. செம்மண் கலங்கலில் நீலம் எங்கே வரப்போகிறது, பால் சாயா நிறம்தான்.

தேங்காய்ப்பட்டணம் கடல் மாதிரி வேண்டும். கெர்ஸ்ட்னர் அலையா, எஃப்எஃப்டியா? மொபைல் கேம்.

மொபைல் என்றால் கெர்ஸ்ட்னரின் அலைச் சூத்திரம்தான், நாலைந்து அலை போதும். 1802-ல் வந்த கணக்கு இன்னும் சோறு போடுகிறது. அதில் மெஷ்ஷின் (தண்ணீர்ப் பரப்பாக நிற்கும் வலை) புள்ளிகள் மேலும் கீழும் மட்டும் போகாமல் வட்டம் சுற்றும், அதனால் முகடு கூராகவும் பள்ளம் அகலமாகவும் வரும். கூர்மையைக் கூட்டும்போது மட்டும் கை நடுங்க வேண்டும். என் முதல் டெமோவில் ஆசைப்பட்டு ஏற்றிவிட்டேன், முகடுகள் தன்னையே வெட்டிக்கொண்டு சுருண்டன, பார்க்க வந்தவர் "கடலுக்கு யாரு முடிச்சு போட்டது?" என்று கேட்டார். எல்லா அலைகளின் கூர்மையையும் கூட்டினால் 1-ஐத் தாண்டக் கூடாது என்பது அன்றைக்குப் புரிந்தது.

நல்ல ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) இருந்தால் எஃப்எஃப்டிக்குப் போகலாம், ஏராளமான அலைகளை ஒன்றாகக் கூட்டும் வேகமான கணக்கு அது. டெசண்டார்ஃப் என்ற ஆய்வாளரின் 2001 சிக்ராஃப் (கணினி வரைகலை மாநாடு) பாடக் குறிப்புகள்தான் இன்றும் எல்லோரும் திறப்பது. 256-க்கு 256 கட்டம் என்றால் 65,536 அலைகள் ஒரே மூச்சில் கூடும். ஆனால் ஒரே டைல் (அந்தக் கட்டம் தரும் கடல் துண்டு) திரும்பத் திரும்ப வரும், கேமரா உயரப் போனதும் வரிசை வரிசையாகக் காட்டிக்கொடுக்கும், அதனால் வேறு வேறு அளவில் இரண்டு மூன்று டைலைக் கலந்துவிடுங்கள்.

எதை எடுத்தாலும் வேகத்தில் ஏமாறாதீர்கள். ஆழ்கடலில் 1 மீட்டர் நீள அலை நொடிக்கு 1.25 மீட்டர் போகும், 10 மீட்டர் அலை ஏறக்குறைய 4 மீட்டர். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஓட்டினால் யாரோ பாயை இழுத்துக்கொண்டு போகிற மாதிரிதான் இருக்கும்.

கேமராவைக் கீழே சாய்த்தால் தண்ணீரில் தெரிந்த தென்னைகள் காணாமல் போகின்றன. (கொல்லங்கோடு)

ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷன் போட்டிருக்கிறீர்கள், திரையில் வரைந்ததிலிருந்தே பிரதிபலிப்பை எடுக்கும் முறை அது, திரையில் இல்லாததை அது எப்படிக் காட்டும்? கிடைக்காத இடத்தில் ஒரு கியூப்மேப்பை (சுற்றுப்புறத்தை ஆறு பக்கமும் பிடித்து வைத்த படம்) காட்டுங்கள். குளம் மாதிரி தட்டையான தண்ணீர் என்றால் காட்சியைத் தலைகீழாக இன்னொருமுறை வரைந்துவிடலாம், செலவு கூடும், ஆனால் சுத்தமாக வரும்.

திற்பரப்பு அருவியை முழுக்கத் துகள் சிமுலேஷனில் செய்யலாமா?

வேண்டாம். நொடிக்கு 60 பிரேம் ஓட வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்கு மொத்தம் 16.6 மில்லிநொடிதான், அதில் ஒவ்வொரு துகளும் அக்கம்பக்கத்துத் துகள்களைத் தேடிக்கொண்டிருந்தால் மற்ற வேலை யார் பார்ப்பது? ஒரு மெஷ், அதன்மேல் கீழ்நோக்கி ஓடும் டெக்ஸ்ச்சர் (மேலே ஒட்டும் படம்), அவ்வளவுதான். டெக்ஸ்ச்சரை மட்டும் ஒரே சீராக ஓட விடாதீர்கள்: 10 மீட்டர் விழுந்த தண்ணீர் அடியில் நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் வரும், அதற்கேற்ப கீழே போகப்போக நீட்டுங்கள். துகள்களை அடியில் கிளம்பும் புகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நூறு இருநூறு போதும்.