ஊசி வேறு, வகுப்பு வேறு: மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைக்காரர்களின் கேள்விகள்

ரொட்டி சானாய் போடுபவர்: அக்கா, உணவு கையாளுவோர் பயிற்சிக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போக வேண்டுமா?

வேண்டாம். வகுப்பு ஒருமுறைதான், ஏறக்குறைய 3 மணி நேரம். 3 ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியது டைஃபாய்டு ஊசி.

பசியாறல் கடை அம்மா: தட்டு கழுவும் பிள்ளைக்கும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டுமா?

வேண்டும். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளில், உணவு படும் பாத்திரத்தைத் தொடுபவரும் உணவு கையாளுபவர்தான்.

தோட்டத்துக் கேண்டீன்காரர்: டைஃபாய்டு ஊசி போடாமலேயே, போட்டதாக முத்திரை குத்தித் தருவதாக ஓர் ஆள் சொல்கிறார். என் சமையல்காரர் கல் மாதிரி இருக்கிறார், காய்ச்சலே வந்ததில்லை. வாங்கலாமா?

வாங்காதீர்கள். காய்ச்சல் இல்லாதவரிடமும் கிருமி இருக்கலாம். நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரி நோய் தெரியாமலேயே டைஃபாய்டைப் பரப்பினார். 1907இல் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். இனிச் சமைப்பதில்லை என்று சொன்ன பிறகு, 1910இல் விட்டார்கள். 1915இல் வேறு பெயரில் ஒரு பிரசவ மருத்துவமனையில் சமைத்துக்கொண்டிருந்தார்! அப்புறம் 1938இல் சாகும்வரை காவல்தான். இப்படிப்பட்டவர்களின் பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். மலத்தில் வெளியேறி, கழுவாத கை வழியாகச் சோற்றுக்கு வரும். ஊசி உங்கள் ஆளுக்கு நோய் தொற்றும் வாய்ப்பைக் குறைக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் கிருமியை அது விரட்டாது. அதனால்தான் மருத்துவப் பரிசோதனையும் கேட்கிறார்கள். ஊசி போடாத முத்திரை வெறும் மைதான்.

நாசி லெமாக் விற்பவர்: வகுப்பு 3 ஆண்டுக்கு ஒருமுறையா அக்கா?

முதல் பதிலைப் படியுங்கள்.

வாழை இலைக் கடைக்காரர்: சோதனைக்கு வந்தால் என்ன செய்வார்கள்?

விதியை மீறினால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. கடை அசுத்தமாக இருந்தால் 14 நாள் வரை மூடச் சொல்லலாம்.

ரொட்டி சானாய் போடுபவர்: கையுறை போட்டு மாவு வீசினால் ரொட்டி விரியாது.

நாசி லெமாக் விற்பவர்: கையுறை இல்லாதவரிடம் நான் வாங்கவே மாட்டேன்!

இதற்காகவா இவ்வளவு சண்டை? போன வாரம் இரவுச் சந்தையில் கையுறை போட்ட ஒருவரைப் பார்த்தேன். அதே கையால் 10 வெள்ளி நோட்டை வாங்கினார், மீதி கொடுத்தார், மூக்கைச் சொறிந்தார், வடையை எடுத்துப் பையில் போட்டார். கையுறைக்கு உள்ளே மட்டும் படு சுத்தம். தம்பி, நீங்கள் வெறுங்கையாலேயே வீசுங்கள். ஆனால் காசு வாங்க வேறு ஆளை நிறுத்துங்கள். மாவைத் தொடுமுன் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மோதிரத்தையும் கழற்றுங்கள். அதன் இடுக்கில் போன மாதத்து மாவு இருக்கும்.

நாசி லெமாக் விற்பவர்: கல்யாண மோதிரத்தையுமா?

அதையும்தான்.