டெஸ்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் ஏன் அடங்கவில்லை?

கேள்வி: வயது 34. இரண்டு வருடம் முன்பு கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஐந்து நாள் வயிற்றுப்போக்கு. அதன் பிறகு தினமும் ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் வயிறு முறுக்குகிறது. மூன்று நான்கு முறை போக வேண்டியிருக்கிறது. போய்விட்டு வந்தால் வலி குறைகிறது. ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் நார்மல். ‘ஐ.பி.எஸ். (IBS, எரிச்சல் குடல் நோய்)தான், டென்ஷனைக் குறையுங்கள்’ என்கிறார் டாக்டர். எல்லாம் மனப்பிரமையா?

பதில்: பிரமையே இல்லை, உங்கள் வலி நிஜம். புண், வீக்கம், கட்டி இருந்தால் அந்த டெஸ்ட்களில் தெரியும். குடல் நரம்புகள் எவ்வளவு கூச்சத்தோடு இருக்கின்றன என்பது தெரியாது. ஐ.பி.எஸ்.ஸில் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். மற்றவர்கள் உணராத கொஞ்சம் வாயுகூட உங்களுக்கு வலிக்கும்.

நீங்கள் எழுதியதில் முக்கியமானது அந்த ஐந்து நாள் வயிற்றுப்போக்கு. குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பிறகும் இப்படித் தங்கிவிடுகிறது. கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000-ம் ஆண்டு குடிநீரில் கிருமி கலந்து 2,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். நோய் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டு மூன்று ஆண்டு கழித்து 100-க்கு 28 பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது. எட்டாம் ஆண்டில் அது 15 ஆகக் குறைந்திருந்தது. நாள்பட அடங்கக்கூடியது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, டென்ஷன்? உங்களுக்கு அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் தூண்டிவிடும். காலையில் பெருங்குடல் இயல்பாகவே சுறுசுறுப்பு. காபியும் டிபனும் போனதும் இன்னும் வேகமாகச் சுருங்கும். அதோடு, ‘பஸ்ஸில் போகும்போது வந்துவிட்டால்?’ என்ற பயம். பயந்தால் வயிறு முறுக்கும், முறுக்கினால் பயம் கூடும். அரைமணி முன்னதாக எழுந்து நிதானமாகச் சாப்பிட்டுக் கிளம்பிப் பாருங்கள்.

அப்புறம் சாப்பாடு. வெங்காயம், பூண்டு, கோதுமை, ராஜ்மா போன்றவற்றில் சரியாகச் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வாயுவாகும். பாலும் நம்மில் பலருக்கு அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதலில் இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள்; வித்தியாசம் இல்லையென்றால் பாலுக்குத் திரும்பிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

தைராய்டு, சீலியாக் (கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) ரத்தப் பரிசோதனைகள் செய்யவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவற்றில் எது வந்தாலும் ‘ஐ.பி.எஸ்.தானே’ என்று இருந்துவிடாமல் உடனே போய்க் காட்டுங்கள்.