வாடகை வீட்டில் நாய்: சங்கம் சொன்னால் காலி செய்ய வேண்டுமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எட்டு மாதத்துக்கு முன்பு எடுத்து வளர்க்க ஆரம்பித்தோம். அப்போதே வீட்டு ஓனரிடம் சொன்னோம். "சரிம்மா, வச்சுக்கோங்க" என்றார். இப்போது குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், வாடகைக்கு இருப்பவர்கள் நாய் வளர்க்கக் கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது, 15 நாளில் அனுப்பிவிட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். ஓனரும் "நாயா, வீடா, முடிவு பண்ணிக்கோங்க" என்கிறார். ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சங்கத்தையும் ஓனரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சட்டத்தின் முன் இருவர் நிலையும் வேறு வேறு.

சங்கத்தின் கை இதில் பலவீனமானது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரும்பான்மை உறுப்பினர்கள் சேர்ந்து தீர்மானம் போட்டாலும் செல்லப்பிராணிக்குத் தடை விதிக்க முடியாது என்கிறது. குரைக்கிறது என்பது தடைக்குக் காரணமாகாது, லிஃப்டை மறுக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு படி மேலே போய், சங்க விதிகளில் இப்படி முழுத் தடை இருந்தால் அது செல்லாது என்றே தீர்ப்பளித்தது. ஆனால் ஒன்று: வழிகாட்டுதல் என்பது சட்டம் ஆகிவிடாது. கேரளத் தீர்ப்பும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டத்தான் உதவும். இருந்தாலும் இரண்டையும் குறிப்பிட்டுச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சண்டை போடாதீர்கள். கையெழுத்து போட்ட கடிதத்துக்கு, கையெழுத்து போட்டுப் பதில் எழுத எந்தச் செயலாளரும் யோசிப்பார்.

அப்புறம் ஓனர். "நாய் வளர்ப்பது அரசியல் சாசனம் தந்த உரிமை, வீட்டு ஓனர் வாயே திறக்க முடியாது" என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அவ்வளவு எளிது இல்லை. அவர்கள் காட்டும் 51ஏ(ஜி) பிரிவு, உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்கிறது. அதை வைத்து ஓனரின் கதவைத் தட்ட முடியாது. வாடகைக்கு விடும்போதே "நாய் இருந்தால் வீடு தரமாட்டேன்" என்று ஒருவர் சொன்னால், தமிழ்நாட்டில் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை.

குடிவந்த பிறகு கதை மாறுகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, நினைத்த நேரத்தில் உங்களை வெளியேற்ற ஓனரால் முடியாது. அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், சட்டம் சொல்லும் காரணம் ஒன்றையும் காட்ட வேண்டும். வாடகை பாக்கி, உள்வாடகை, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது போன்றவைதான் அந்தக் காரணங்கள். 'நாய்' என்ற சொல் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் வீட்டுக்குச் சேதம், பிறருக்குத் தொல்லை என்ற வழியாக உள்ளே நுழையப் பார்ப்பார்கள். உங்கள் தற்காப்பெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிப் புத்தகம், நாய்க்கு எடுத்த மாநகராட்சி உரிமம், 'எங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை' என்று எதிர்வீட்டுக்காரரிடம் வாங்கிய ஒரு வரி, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். உரிமம் இன்னும் எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். அது இல்லாமல் உரிமை பேசினால் எடுபடாது.

கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தி நெருக்கினால், அதுவே சட்டமீறல். வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் அலுவலர்) மனு கொடுக்கலாம்.

இந்த வாரமே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். 'செல்லப்பிராணி கூடாது' என்று எங்காவது இருக்கிறதா? இருந்து, நீங்களும் கையெழுத்து போட்டிருந்தால், ஓனரின் பக்கம் கனம் கூடிவிடும். வாய்ப்பேச்சாக வாங்கிய சம்மதத்தை நிரூபிப்பது கஷ்டம். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருந்தால் அழிக்காமல் வையுங்கள். இரண்டாவது, ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகி இருக்கிறதா? பதினோரு மாதம் என்று எழுதினால் பதிவு தேவையில்லை என்பது பழைய பழக்கம். இப்போது எத்தனை மாதமானாலும் பதிவு வேண்டும். மனு கொடுக்கப் போனால் முதலில் கேட்பதே பதிவு எண்ணைத்தான்.

நான்கு மாதம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று ஓனர் சொன்னால், வழக்காடி அங்கேயே உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்போதே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் ஓனர்களின் பயம் நாயைப் பற்றியது அல்ல, கதவைப் பற்றியது. தனியாக விட்டுப்போன நாய் வாசற்கதவைப் பிறாண்டும். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை வார்னிஷ் உரிந்து, வெள்ளை வெள்ளையாக நகக் கோடு தெரியும். காலி செய்யும் நாளில் ஓனர் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான். கதவின் கீழ்ப்பாதியில் இன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் ஷீட் அடித்துவிடுங்கள். வீடு முழுவதையும் தேதியோடு படமெடுத்து ஓனருக்கே அனுப்புங்கள்.

புது ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "வாடகைதாரர் ஒரு நாயை (உரிம எண் இன்னது) வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார். நாயால் ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் சரிசெய்து தருவார். இயல்பான தேய்மானம் இதில் சேராது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வீடு முழுக்கப் பெயின்ட் அடித்த செலவும் நாயின் கணக்கில்தான் ஏறும். நாய்க்கென்று கூடுதல் அட்வான்ஸ் கேட்டால், சட்டம் பொதுவாகச் சொல்வது மூன்று மாத வாடகை என்பதை நினைவூட்டிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-இன் விலைவாசி அப்படியே நிற்கிறது.