மாடி அறை வாசலில் ஒரு தட்டு

கேள்வி: எனக்கு 26 வயது. காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் அப்பத்தாவோடு இருந்துகொண்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அப்பா, அம்மா கோவையில். இரவானால் எனக்கு வீடியோ கேம்தான். இந்த நாலு மாதத்தில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, எல்டன் ரிங், ஸ்டார்டியூ வேலி மூன்றையும் விளையாடி, மனதில் பட்டதை நோட்டில் எழுதியிருக்கிறேன். சில பக்கங்களை இணைத்துள்ளேன். அப்பாவோ ஒரே வார்த்தையில் 'வெட்டி வேலை' என்றுவிட்டார். அப்பத்தா மட்டும்தான் என்னைப் புரிந்துகொண்டவர். சாப்பாட்டைக்கூட மாடி அறை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார். கேமும் ஒரு கலைதான் என்று அப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: தம்பி, அப்பாவைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தத் தட்டு.

அப்பத்தாவின் வயதை நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு 26 என்றால் அவருக்கு எழுபதுக்குக் குறையாது. நம் பக்கத்து வீடுகளின் மாடிப்படி எனக்குத் தெரியும். ஒடுக்கமாக, செங்குத்தாக இருக்கும். இளவட்டங்களே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அடுப்படியோ பின்கட்டில். அங்கிருந்து நடு முற்றமான வளவைத் தாண்டி, ஒரு கையில் தட்டும் மறு கையில் சுவருமாக ராத்திரி நேரத்தில் ஏறி வருகிறார். கதவு சாத்தியிருக்கிறது. தட்டைக் கீழே வைக்க இடுப்பை வளைத்துக் குனிகிறார். பிறகு அதே படியில் தனியாக இறங்குகிறார். இதற்குப் பெயர் புரிந்துகொள்வது என்றா எழுதுகிறீர்கள்? எட்டு மணிக்குக் கூப்பிட்டும் பேரன் இறங்கி வரவில்லை, பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாதே என்று ஏறி வருகிறார். வேறொன்றுமில்லை.

உங்கள் நோட்டுப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ன் நாயகன் ஆர்தர் மோர்கனுக்குக் காசநோய் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே, அவன் இருமலை வைத்தே கண்டுபிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமெரிக்கக் காட்டில் ஒருவன் இருமுவதைக் கவனித்தவருக்கு, கதவுக்கு வெளியே அப்பத்தா மூச்சு வாங்குவது ஒரு நாளாவது கேட்டதா?

ஸ்டார்டியூ வேலி பக்கம் அதைவிடக் கனம். சாகும்போது தாத்தா ஒரு கடிதம் கொடுக்கிறார். பட்டணத்து ஆபீஸில் நொந்துபோன பேரன் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, புதர் மண்டிக் கிடக்கும் அவர் பண்ணைக்கு வருகிறான். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து, பேரன் எப்படிப் பார்த்துக்கொண்டான் என்று மதிப்பிடுகிறது. முழு மதிப்புக்கு அடையாளமான நான்கு மெழுகுவர்த்தியும் எரிந்தபோது அழுதுவிட்டேன் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் தம்பி, உங்கள் சொந்தத் தாத்தா, அந்த ஐயா விட்டுப்போன வீட்டில்தானே உட்கார்ந்து அழுதீர்கள்? அந்த வீட்டில் எத்தனை அறை பூட்டிக் கிடக்கிறது, மழைக்கு எந்த ஓடு ஒழுகுகிறது, ஐயாவின் பெட்டகச் சாவி எந்தக் கொத்தில் இருக்கிறது என்று தெரியுமா? தெரிந்த ஒரே ஆள் கீழே இருக்கிறார்.

அந்த ஊரில் எவ்லின் என்றொரு பாட்டி. அவளுக்கு ட்யூலிப் பூவும் பீட்ரூட்டும் உயிர், பிறந்தநாள் குளிர்காலம் 20-ஆம் தேதி என்று மனப்பாடமாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவரிடம் போய்ப் பேசினால் 20 நட்புப் புள்ளி ஏறும், பேசாத நாளுக்கு 2 புள்ளி இறங்கும் என்ற கணக்கும் உங்கள் நோட்டில் இருக்கிறது. சரி, அப்பத்தாவுக்கு என்ன நட்சத்திரம்? கந்தரப்பம் பிடிக்குமா, வெள்ளைப் பணியாரமா? கடைசியாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து எப்போது பேசினீர்கள்?

ஸ்டார்டியூ வேலி ஒரே ஆள் தனியாக உருவாக்கிய கேம் என்று வியந்திருக்கிறீர்கள். எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016-ல் வெளியிட்டார், உண்மைதான். அந்த ஆண்டுகளில் அவருடைய காதலி வேலைக்குப் போய்க் குடித்தனத்தைத் தாங்கினார். அதையும் அந்தப் பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள்.

கேம் கலையா என்று கேட்டால், கலைதான். விளையாடாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர்களைப் படியேற விட்டுவிட்டு அனுபவிக்கிற எந்தக் கலையையும் என்னால் ஏற்க முடியாது. கச்சேரியானாலும் இதையேதான் சொல்வேன். வயதானவரோடு ஒரு வீட்டில் இருப்பவன் ராத்திரிச் சாப்பாட்டை அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. ஸ்டார்டியூவில்கூட ராத்திரி 2 மணிக்கு மேல் ஆளை விழித்திருக்க விடுவதில்லை, மயங்கி விழச் செய்துவிடுகிறார்கள்.

இன்றிலிருந்து எட்டு மணிக்குக் கீழே இறங்குங்கள். தட்டை நீங்கள் எடுத்துவையுங்கள், அவருக்கும் சேர்த்து. போனை முன்கூடத்துப் பட்டாலையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சாப்பிட்டதும் ஆர்தர் கதையை அவரிடம் சொல்லுங்கள். குதிரையும் கொள்ளையும் காசநோயும் அவர் தலைமுறைக்குத் தெரியாத சங்கதியா? உங்கள் நோட்டுக்கு அவரைவிட நல்ல முதல் வாசகர் கிடைக்கமாட்டார்.

அப்புறம் அப்பா. எல்டன் ரிங்கில் மலேனியா என்ற எதிரியிடம் அறுபது தடவைக்கு மேல் தோற்றும் விடாமல் நின்றதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா ஒரு தடவை 'வெட்டி வேலை' என்றதும் பேச்சையே விட்டுவிட்டீர்கள். அடுத்த தடவை அவர் ஊருக்கு வரும்போது நோட்டை அவர் கையில் கொடுங்கள். ஆனால் அதற்குள் அப்பத்தா படி ஏறுவது நின்றிருக்க வேண்டும். தன் தாயார் தட்டோடு மாடி ஏறுவதைக் கண்ணால் பார்க்கிற மகனிடம் எந்தக் கலையைப் பற்றியும் பேச முடியாது.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். அப்பத்தாவின் நட்சத்திரம் அந்தக் கடிதத்தின் முதல் வரியில் இருக்க வேண்டும்.