புகை மணக்கும் மால்ட்: சில கேள்விகளும் பதில்களும்

கப்பலின் இயந்திர அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு உச்சிப்புளிக்குத் திரும்பிய எனக்கு, ஸ்காட்லாந்தின் புகையேறிய சிங்கிள் மால்ட் விஸ்கியில் (மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து ஒரே ஆலையில் வடித்தது) ஈடுபாடு உண்டு. அதை அறிந்த நம் கடற்கரை ஊர் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, லஃப்ராய்க் முதல் வாய் குடித்ததும் ஆஸ்பத்திரியில் தரை கழுவிய வாசனைதான் வந்தது. பாட்டில் கெட்டுப்போயிருக்குமோ? (மண்டபம்)

கெடவில்லை. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் லஃப்ராய்க் விஸ்கியின் இயல்பே அதுதான். கறுப்பு பினாயிலுக்கு வாசனை தரும் கிரெசால் முதலான ஃபீனால் குடும்பத்துச் சேர்மங்கள் புகையின் வழியாக இந்த விஸ்கியிலும் இருக்கின்றன. முதல் வாயில் நாக்கு சாராயத்தின் காரத்தோடுதான் மல்லுக்கட்டும் என்பதால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒரு தேக்கரண்டி அளவை வாயில் வைத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்கி, இரண்டு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த வாய்க்குப் போங்கள். புகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அப்போது தேடுங்கள். பாசி எடுத்து வந்து மணலில் காயப்போட்டிருக்கும் இடத்தை வெயில் ஏறிய பிறகு கடந்து போயிருப்பீர்கள் அல்லவா? அந்த வாடை லஃப்ராய்க்கில் உண்டு. அதே தீவின் லாகவூலின் விஸ்கியில் எனக்குத் தெரிவது, வள்ளத்துக்குக் கீல் காய்ச்சும் வாடையும் அதற்கு அடியில் ஓர் இனிப்பும். சுவைக் குறிப்புகளில் கடற்பாசி என்றும் கீல் என்றும் வாசிக்கும் வெளியூர்க்காரர் கற்பனை செய்துகொள்ள வேண்டியதெல்லாம் உங்கள் மூக்குக்கு ஏற்கெனவே தெரியும்.

எங்கள் பக்கம் கரிமூட்டம் போடுகிறோம். சீமைக் கருவேலப் புகை பழகியதுதான். இதுவும் மரப்புகையா? பீப்பாயைச் சுடுவதால் வருகிறதா? (சாயல்குடி)

பீப்பாயின் உட்புறத்தைச் சுடுவதுண்டு. அது வெனிலாவையும் கருகிய சர்க்கரையின் சாயலையும் தரும். நீங்கள் கேட்கும் புகை அதற்கு வெகு முன்னரே தானியத்தில் ஏறிவிடுகிறது. பீட் என்பது விறகன்று, ஒரு வகை மண். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஹெதர் என்னும் குத்துச்செடியும் நீரில் அமிழ்ந்து, காற்றுப் படாமல் பாதி மக்கிப் படிந்தது அது. ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் படியும் என்பதால், ஒரு முழ ஆழத்துக்கு வெட்டினால் பல நூறு ஆண்டுப் படிவு கையோடு வந்துவிடும். அதைக் கட்டிகளாக வெட்டிக் காயவைத்து எரிக்கிறார்கள். ஊறவைத்து முளைவிட்ட பார்லியின் முளைப்பை நிறுத்துவதற்காகச் சூளையில் உலர்த்தும்போது, அடியில் எரியும் இந்தப் பீட்டின் புகை தானியத்தின் ஈர உமியில் ஒட்டிக்கொள்கிறது. உமி காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் அவ்வளவாக ஏறாது. மூட்டத்துக்கு மண் பூசிக் காற்றை அடைக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: தணல் கொழுந்து விட்டால் சூடுதான் கிடைக்கும், மூச்சு முட்டிக் கனிந்தால்தான் புகை கிடைக்கும். அங்கும் அதே கவனம்தான்.

இன்னொன்று, எந்த ஊர்ப் பீட் என்பதும் முக்கியம். மரங்கள் அதிகம் இல்லாத ஆர்க்னி தீவில் ஹெதர் மக்கிய பீட்டை எரிப்பதால் ஹைலண்ட் பார்க் விஸ்கியின் புகையில் பூவும் தேனும் சாயலாகத் தெரியும். மருந்து வாடை ஐலா தீவுக்கு உரியது.

பிபிஎம் எண் கூடினால் புகையும் கூடுமா? (தொண்டி)

பிபிஎம் என்பது பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு ஃபீனால் என்ற கணக்கு. அந்த எண் உலர்ந்த தானியத்தில் அளந்தது, பாட்டிலில் அளந்ததன்று. ஊறல் போடும்போதும் வடிக்கும்போதும் பெரும்பகுதி போய்விடும். பீப்பாயில் ஆண்டுகள் கூடக்கூடப் புகையும் தணியும். லாகவூலினும், கலீலா என்னும் இன்னொரு ஐலா விஸ்கியும், அத்தீவின் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து ஏறத்தாழ 35 பிபிஎம் அளவிலான மால்ட்டைத்தான் வாங்குகின்றன. குடித்துப் பார்த்தால் முன்னது கனமாகவும் பின்னது மெலிந்து தெளிவாகவும் இருக்கும். வடிகலனின் வடிவமும், வடிப்பை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதும்தான் காரணம், ஏனெனில் புகைச் சேர்மங்கள் வடிப்பின் பின்பகுதியில்தான் அதிகமாக இறங்கும். ஆக்டமோர் என்னும் ஐலா விஸ்கியின் எண் 100-ஐத் தாண்டி 300 வரைகூடப் போயிருக்கிறது. அதற்காக அது லாகவூலினைப் போல ஒன்பது மடங்கு புகையாது. எண்ணைப் பார்த்து வாங்குவது, எத்தனை குடம் பதநீர் காய்ச்சினார்கள் என்று கேட்டுக் கருப்பட்டியின் ருசியைச் சொல்வது போல.

உப்புக் கரிப்பது கடற்காற்று பீப்பாயில் ஏறுவதாலா? (வாலிநோக்கம்)

உப்பள ஊரிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா? பாத்தியில் நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு அங்கேயே தங்குகிறது. வடிகலனிலும் உப்பு ஆவியாகி மேலே ஏறாது. பாசியையும் கடலையும் நினைவூட்டும் மணம் வந்தவுடன் நாக்கு உப்பை எதிர்பார்த்துவிடுகிறது என்பதே என் கருத்து.

தண்ணீர் கலக்கலாமா? ஐஸ் போடலாமா? (பாம்பன்)

தண்ணீர் கலக்கலாம், கலக்கவும் வேண்டும். புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் என்னும் சேர்மத்தை வைத்து, சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் கணினி வழி ஆய்வொன்றை வெளியிட்டார்கள். சாராயத்தின் அளவு 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது அந்தச் சேர்மத்தைச் சாராயமே சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. 45 சதவீதத்துக்குக் குறையும்போது அது மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. மேற்பரப்புக்கு வந்தால்தானே மூக்குக்கு எட்டும்? ஆகவே சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். ஆனால் நம் ஊர்க் கிணற்றின் சப்புத் தண்ணீர் கூடவே கூடாது. காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும். ஐஸ் நாக்கை மரக்கச் செய்து மணத்தையும் அடக்கிவிடும். சித்திரை வெயிலில் நெடி மூக்கைத் துளைக்கிறது என்றால், பாட்டிலில் ஈரத்துணி சுற்றி அரைமணி நேரம் மண்பானையின் ஓரத்தில் வையுங்கள்.

தொட்டுக்கொள்ள என்ன? (தேவிபட்டினம்)

முதலில் எதுவும் வேண்டாம். பிறகு காரமில்லாமல் சுட்ட நெத்திலிக் கருவாடு, அல்லது தொதல் ஒரு துண்டு. மிளகாய் ஏறிய வறுவலைத் தின்றால் எந்த விஸ்கியும் ஒன்றுதான்.

மருந்து வாசனை வருகிறதே, சளிக்கு நல்லதா? (ஏர்வாடி)

இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த நாட்களில் லஃப்ராய்க் மருந்து என்ற பெயரில் விற்பனையானது உண்மை. அது வியாபார சாமர்த்தியம். ஒரு மாலைக்கு 30 மில்லி, மிஞ்சினால் 60. அதற்கு மேல் போனால் மூக்கும் நாக்கும் வேலை செய்யாது.

நம் நாட்டில் இந்த வகை உண்டா? (ராமநாதபுரம்)

உண்டு. 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை கிளாஸ்கோவில் அறிமுகப்படுத்திய பெங்களூரின் அம்ருத், புகையேற்றிய பார்லியை ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்து இங்கே வடிக்கிறது. கோவாவின் பால் ஜானிலும் புகை வகை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகும். பெங்களூரின் வெப்பத்தில் 10 சதவீதத்துக்கு மேல். அதே வெப்பத்தால் நான்கைந்து ஆண்டுகளிலேயே மரத்தின் சாரம் நன்றாக இறங்கிவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அம்ருத் ஃப்யூஷனைத்தான் சொல்வேன். அதில் புகையேறிய பார்லியோடு புகையேறாத இந்தியப் பார்லியும் சேர்வதால் புகை முகத்தில் அறையாது.

கிளாஸில் ஊற்றியதும் முகர்ந்தால் மூக்கு எரிகிறது. எப்படி முகர்வது? (பெரியபட்டினம்)

அடி அகன்று வாய் குறுகிய கிளாஸை எடுத்துக்கொண்டு, மோவாய்க்கு நேராகப் பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி மெல்ல மூச்சை இழுங்கள். மூக்கை உள்ளே விட வேண்டாம். குடித்து முடித்த கிளாஸை அன்றிரவே கழுவிவிடாமல் காலையில் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். சாராயமெல்லாம் பறந்துபோய், அவிந்த அடுப்பின் சாம்பல் மணம் மட்டும் தங்கியிருக்கும். கழுவாத கிளாஸுக்காக வீட்டில் விழும் திட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.