மகனுக்கு விமான டிக்கெட் தருகிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் பதினொன்றாம் வகுப்பு. ஆறடி ஆறு அங்குலம், ஏ.ஏ.யு. (பள்ளிக்கு வெளியே ஆடும் கிளப்) அணியில் கூடைப்பந்து ஆடுகிறான். டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்நிலை) கல்லூரி ஒன்றின் அசிஸ்டென்ட் கோச் ஜூனிலிருந்து அவனுக்கு மெசேஜ் அனுப்புகிறார். ஜூலை டோர்னமென்டில் என் கணவரிடமும் கால் மணி நேரம் நின்று பேசினார். அந்தக் கல்லூரி நடத்திய கோடை கேம்ப்பில் இவனிடம் மட்டும் கட்டணம் வாங்கவில்லை. இப்போது கல்லூரியைப் பார்த்துவர விமான டிக்கெட்டும், நாங்கள் வீடு மாறுவதற்குக் கைமாற்றாக 3,000 டாலரும் ‘வேண்டிய ஒருவர்’ தருவார், வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார் ஏ.ஏ.யு. கோச். எங்களுக்கு எச்1பி வேலை விசா, மகனுக்கு அதைச் சார்ந்த எச்4. வாங்கலாமா?

பதில்: அன்புச் சகோதரி, டிக்கெட்டும் வேண்டாம், கைமாற்றும் வேண்டாம். பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 தாண்டிவிட்டால் ஆண்கள் கூடைப்பந்து கோச்சுகள் மாணவனுக்கு மெசேஜ் அனுப்பலாம், போன் செய்யலாம். அதில் தப்பில்லை.

உங்கள் கணவரிடம் நின்று பேசியது விதிமீறல்தான், ஆனால் அது அந்தக் கோச்சின் தலைவலி. ஜூலை டோர்னமென்ட்கள் ‘எவாலுவேஷன்’ காலத்தில் வருபவை. கோச் வந்து ஆட்டத்தைப் பார்க்கலாம். வீரனிடமோ பெற்றோரிடமோ நேரில் உட்கார்ந்து பேசக் கூடாது. எதிரே பார்த்தால் ஒரு வணக்கம், அவ்வளவுதான். இப்படிப்பட்டவை பெரும்பாலும் மூன்றாம் நிலை (சிறு) மீறலாகப் பதிவாகி, கல்லூரியளவில் சிறு தண்டனையோடு முடியும். அடுத்த முறை “போனில் பேசுவோம்” என்று உங்கள் கணவர் நகர்ந்துவிடட்டும். (போன் விதியே ஒரு காலத்தில் ஆளை விழுங்கியது. ஒக்லஹோமாவில் 577 அழைப்புகள் கூடுதலாகப் போன விவகாரத்தில் தண்டிக்கப்பட்ட கல்லூரிக் கோச் கெல்வின் சாம்ப்சன், இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போயும் அதே வம்பில் சிக்கி 2008இல் வேலையை இழந்தார். 2012இல் அழைப்புகளுக்கான எண்ணிக்கை வரம்பையே எடுத்துவிட்டார்கள்.)

பணம் அப்படியல்ல. முதலில் அந்த ‘வேண்டிய ஒருவர்’ யார் என்று கேளுங்கள். கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு எப்போதாவது நன்கொடை தந்தவர் என்றால், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. கணக்கில் அவர் ‘பூஸ்டர்’; அவர் பணத்தைத் தொடக் கூடாது. பத்து வருடம் முன்பு கொடுத்திருந்தாலும் பூஸ்டர்தான். அந்த முத்திரை கழிவதில்லை.

உங்கள் வீட்டு நிலைமையை அச்சாக ஒத்த வழக்கு ஒன்று உண்டு. 2017இல் ஜேம்ஸ் வைஸ்மன் என்ற பள்ளி மாணவனின் குடும்பம் நாஷ்வில்லிலிருந்து மெம்ஃபிஸுக்கு வீடு மாறியது. அதற்காக அவன் அம்மாவிடம் 11,500 டாலர் கொடுத்தவர் முன்னாள் என்.பி.ஏ. நட்சத்திரம் பென்னி ஹார்டவே. அப்போது அவர் வெறும் பள்ளிக் கோச்தான். ஆனால் 2008இல் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்திருந்ததால் அவர் பூஸ்டர். பின்னர் அவரே அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச் ஆனார், பையனும் அங்கே சேர்ந்தான். பணம் வந்தது மகனுக்குத் தெரியாது என்று வக்கீல்கள் சொல்லியும் எடுபடவில்லை. 2019 நவம்பரில் 12 ஆட்டத் தடை. கூடவே 11,500 டாலரையும் தர்ம ஸ்தாபனத்துக்குக் கட்டு என்றார்கள். மூன்றே ஆட்டம் ஆடிய வைஸ்மன், டிசம்பரில் கல்லூரியை விட்டே போய்விட்டான். ஹார்டவே மீது தனியாக எந்தத் தண்டனையும் விழவில்லை. பெற்றோர் கையில் வாங்கினால் பையனைத் தொடாது என்று ஏ.ஏ.யு. கோச் சொன்னால் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

ஏ.ஏ.யு. அணி தன் வீரர்களைப் போட்டிக்கு அழைத்துப்போகும் செலவை ஏற்பது செல்லும். கல்லூரியைப் பார்க்கப் போகும் செலவை அதே கோச் கொடுத்தால் செல்லாது. கல்லூரிக்கு உங்கள் மகன் உண்மையிலேயே வேண்டுமென்றால் ‘அஃபிஷியல் விசிட்’டுக்கு அழைக்கட்டும், பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1 முதல் அதற்கு அனுமதி உண்டு, செலவு கல்லூரியுடையது. அதற்கு முன் மகன், ஆடும் தகுதியைச் சரிபார்க்கும் என்.சி.ஏ.ஏ. எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவு செய்து, பள்ளி மதிப்பெண் பட்டியலை அனுப்பி, அந்தக் கல்லூரியின் பட்டியலில் பெயர் ஏறியிருக்க வேண்டும். இந்த அழைப்பைக் கேட்டதும் பேச்சு குறைந்தால், ஆர்வம் கல்லூரிக்கா இடைத்தரகருக்கா என்பது தெரிந்துவிடும்.

நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டது அந்த கேம்ப் சலுகை. முன்பதிவுத் தள்ளுபடிபோல எல்லோருக்கும் கிடைத்த சலுகை என்றால் கவலையில்லை. நன்றாக ஆடுகிறான் என்பதற்காக இவனுக்கு மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் அது மீறல். கேம்ப் விளம்பரத்தில் போட்டிருந்த கட்டணத்தைப் பாருங்கள், உங்கள் ரசீதோடு ஒப்பிடுங்கள். பிறகு அந்தக் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: தேதி, தொகை, சலுகை சொன்னவர் பெயர். கோச்சிடம் கேட்காதீர்கள், போனிலும் வேண்டாம். பதில் எழுத்தில் இருக்க வேண்டும். சிறு தொகைக்கு அதைத் தர்ம ஸ்தாபனத்துக்குக் கட்டச் சொல்வார்கள்; பெரிய தொகையானால் சில ஆட்டங்களும் போகும். தகுதியை மீட்கும் விண்ணப்பத்தைக் கல்லூரிதான் போட முடியும், நீங்கள் போட முடியாது. ஆகவே மகன் வேறு கல்லூரியில் சேர்ந்தாலும் இந்த மின்னஞ்சலை அங்கும் காட்டுங்கள்.

‘வெளியே சொல்ல வேண்டாம்’ என்றாரே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். டென்னசி கோச் புரூஸ் பேர்ல் 2008இல் பதினொன்றாம் வகுப்பு வீரன் ஒருவனையும் அவன் குடும்பத்தையும் தன் வீட்டு விருந்துக்கு அழைத்தார். விதிப்படி கூடாது என்றாலும் சின்ன மீறல்தான். விசாரணையில் அங்கே எடுத்த போட்டோவைக் காட்டியபோது இது எந்த இடம் என்றே தெரியாது என்றார். பையனின் அப்பாவுக்கும் போன் செய்து இதைப் பற்றிப் பேசினார். 2011 மார்ச்சில் வேலை போனது, ஆகஸ்டில் மூன்று வருட ‘ஷோ-காஸ்’ தண்டனையும் (அவரை வேலைக்கு எடுக்கும் கல்லூரி என்.சி.ஏ.ஏ.வுக்குக் காரணம் சொல்ல வேண்டும்) வந்தது.

இனி விசா. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வருமானத்தில் பங்கு தரலாம். 600 டாலரும் அதற்கு மேலும் வரும் வெளி ஒப்பந்தங்களை அறிவிக்க வேண்டும். இவையெல்லாம் என்.சி.ஏ.ஏ. தரும் அனுமதி, குடியேற்றத் துறை தரும் அனுமதி அல்ல. எச்4 பிள்ளைகளுக்கு வேலை செய்யும் உரிமை கிடையாது. 21 வயதானால் எச்4 முடிந்து, வழக்கமாக எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறுவார்கள். அதிலும் வேலைக்குக் கடும் கட்டுப்பாடு. ஸ்காலர்ஷிப் வேறு, விளம்பரத்தில் நடித்து வாங்கும் பணம் வேறு. கல்லூரி நீட்டும் எந்த ஒப்பந்தத்தையும், விளையாட்டு ஏஜென்ட் என்ன சொன்னாலும், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.